பதினெட்டு சோபாக்கள் நனைந்த விவகாரம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், மைதானத்தின் புல்தரையைப் பராமரிக்கும் என் தம்பி, என் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி, மைதான மேலாளர். அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டிய மைதானம் அது. ஏழு ஆட்டங்கள் நடந்தன. அதற்குப் பிறகு உள்ளே பந்து வரவில்லை. வீரர்கள் உடைமாற்றிய அறை மேலாளரின் அலுவலகமாயிற்று. புல்தரையை விற்பனைக் கண்காட்சிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். சம்பந்தி அதில் சோபாக் கடை போட்டார். எல்லைக்கோட்டுக்கு வெளியே போடச் சொல்லித் தம்பி மூன்று முறை கேட்டான். அவருடைய ஆட்கள் கோல் கம்பத்தின் முன்னாலேயே கூடாரத்துக்கு இரும்பு முளைகளை அறைந்தார்கள். மாலை நான்கு மணிக்குப் புல்லுக்கடியிலிருந்த நீர்த் தெளிப்பான்கள் அத்தனையும் எழுந்தன. பதினெட்டு சோபாக்கள், உட்கார்ந்து பார்த்தவர்களோடு சேர்ந்து நனைந்தன. மேலாளர் எங்கள் மூவரையும் தன் அறைக்கு அழைத்தார்.

"உங்க தம்பிக்கு வயித்தெரிச்சல், சம்பந்தி!" என்று சம்பந்தி கத்தினார்.

"சோபாவைப் பாத்தா? எங்க வீட்டுல உக்கார நாற்காலி இருக்கு," என்றேன்.

மேலாளர் ஒரு தாளையும் பேனாவையும் தம்பி பக்கம் நகர்த்தினார். "கவனக்குறைவா வால்வைத் திறந்துட்டேன்னு இதுல ஒரு கையெழுத்து. வேலை போகாது. இல்லேன்னா நாளைலேருந்து வர வேண்டாம்."

"போடுங்க. புல்லுக்கு இவ்வளவு ரோஷமா? மாடுகூட இத்தனை பாசம் வைக்காது," என்று சம்பந்தி சிரித்தார்.

ஓய்வு பெற இரண்டே வருடம் பாக்கியிருந்த தம்பி என்னைப் பார்த்தான். "என்னண்ணே செய்யட்டும்?"

"வால்வைத் திறக்கும்போது என்னைக் கேட்டியா?"

"இல்லண்ணே."

"இப்ப மட்டும் எதுக்கு?"

அவன் பேனாவை மூடி மேலாளரிடமே கொடுத்தான். "பதினோரு வருஷமா இந்தத் தண்ணி என் கையில சார். திமிருன்னு எழுதுங்க, போடறேன். கவனக்குறைவுன்னு போட மாட்டேன்."

மேலாளர் அப்படி எழுதவில்லை. தம்பி வால்வு அறைச் சாவியை மேசைமேல் வைத்தான்.

"பொண்ணு கொடுத்தவன்கிட்ட இப்படியா நடந்துக்குவாங்க?" என்றார் சம்பந்தி.

"உங்க பொண்ணு எங்க வீட்டுல நல்லாத்தான் இருக்கா. நீங்க முதல்ல போய் முளையைப் பிடுங்குங்க," என்றேன்.

வயதாகிவிட்டது, பாவம், கை தவறி வால்வைத் திறந்துவிட்டான் என்று உறவினர் சிலர் இரக்கப்பட்டுச் சொல்லி வருகிறார்களாம். அது பொய். என் தம்பி தெரிந்தேதான் திறந்தான்.