இடப்பக்கத்து மௌஸ்

என் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றதற்குக் காரணம் சொத்தில்லை, ஒரு மௌஸ். இடக்கைக்காரனான தம்பி தன் வசதிக்குப் பொத்தான்களை மாற்றி வைத்தான். அது தெரியாமல் அண்ணன் எதையோ அழுத்த, அவர் வரைந்த கட்டட வரைபடமெல்லாம் அழிந்துபோனது.

அன்றிலிருந்து "அவன்கிட்ட சொல்லு", "அந்த ஆளுகிட்ட சொல்லு" என்று நடுவில் நான்தான் தபால்காரி. இப்போது எனக்கு வெளியூரில் வேலை. நான் போய்விட்டால் சமையல் கேஸ் தீர்ந்தது என்றுகூட யார் யாரிடம் சொல்வது?

இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். கிளம்புமுன் மௌஸ் சண்டையாவது தீரட்டுமென்று, அதில் ஆளுக்கொரு இயங்குதளம், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டம், போட்டேன். ஒன்றில் வலக்கை மௌஸ், மற்றதில் இடக்கை. கம்ப்யூட்டரைப் போட்டதும் எது வேண்டும் என்று பட்டியல் வரும்; சும்மா இருந்தால் முதலில் இருப்பது தானே திறந்துகொள்ளும். பிடித்தது சனியன்.

"மூத்தவன் நான்தானே பட்டியல்ல மேல இருக்கணும்?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார்.

"கம்ப்யூட்டருக்கு வயசு தெரியுமாக்கா?" என்று தம்பியும் என்னிடமே கேட்டான்.

எரிச்சலில் மூன்றாவதாக ஒன்றைப் போட்டு அதை உச்சியில் ஏற்றினேன். சதுரங்கம் தவிர அதில் ஒன்றும் கிடையாது. எதிராளி கம்ப்யூட்டர் என்று மாற்ற மறந்துவிட்டேன். அதனால் இருவர் மாறி மாறி ஆட வேண்டும். அணைத்தாலும் ஆட்டம் அப்படியே நிற்கும்.

காலையில் அண்ணன் கொட்டாவி விட்ட நேரத்தில் சதுரங்கம் திறந்துகொண்டது. வெள்ளைச் சிப்பாயை நகர்த்தினார். பதிலே இல்லை. "தூங்குமூஞ்சி கம்ப்யூட்டர்!" என்று எழுந்து போனார். சாயங்காலம் தம்பி, "அட, எனக்கு முன்னாடியே ஆட ஆரம்பிச்சிடுச்சே!" என்று கறுப்பை நகர்த்தினான்.

நான் மாற்ற மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது; அப்படியே விட்டுவிட்டேன். காலையில் மௌஸ் வலப்பக்கம், சாயங்காலம் இடப்பக்கம். இருவரும் கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்; ஒருநாள்கூட ஆட்டத்தை விடவில்லை.

நான் கிளம்பும் நாள். "இது என்னம்மா, நம்ம தம்பி மாதிரியே அவசரக்குடுக்கையா ஆடுது?" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, இடப்பக்கம் கிடந்த மௌஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் ராணியைக் கறுப்புக் குதிரை வெட்டும் கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். எழுந்திருக்கும்போது மௌஸை எடுத்து இடப்பக்கமே வைத்தார்.

சாயங்காலம் தம்பி வந்தான். ராணியைப் பார்த்தான், மௌஸைப் பார்த்தான். குதிரையைத் தொடவில்லை. அண்ணன் இருந்த சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"அண்ணே! ராணிய தெரியாம வெச்சுட்ட. வந்து திருப்பி எடுத்துக்கோ!"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.