நங்கூரத்தில் ஒட்டிய வெள்ளை மணல்

புருஷனுடைய படகின் நங்கூரத்தைக் கழுவப் போனவள் கொக்கியில் வெள்ளை மணலைப் பார்த்தாள். இந்தக் கடலிடுக்கில் நம் பக்கத்து அடித்தரை முழுக்கக் கறுப்புச் சேறு. வெள்ளை மணல் கிடப்பதெல்லாம் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டுக்காரன் கடலில். தாண்டினால் படகும் போச்சு, ஆளும் ஜெயில்தான். தெரிந்தும் போகிறாரே மனுஷன், அங்கே அப்படி என்ன இருக்கிறது?

என்ன இருக்கிறதா? எவள் இருக்கிறாள் என்றல்லவா கேட்க வேண்டும்! கால் முறிந்து மழைக்காலம் பூராவும் கட்டிலோடு கிடந்தவர், மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து என்ன சவரம், என்ன சட்டை! இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள்?

நேராகக் கேட்டிருக்கலாம். மாட்டாளே! கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமாம். ஒரு வாரம் வாயைப் பூட்டிக்கொண்டு திரிந்தவள், இன்று காலை அவர் கிளம்பும்போது மட்டும் மெல்லத் தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

"எதுவரைக்கும் போறீங்க?"

"தண்ணி டாங்கியோட தலை தெரியற வரைக்கும். அது கண்ணுக்கு மறைஞ்சு கடலுக்குள்ள இறங்கிட்டா திரும்பிடுவேன். எங்கப்பா காலத்துலேர்ந்து அதானே கணக்கு?"

மற்றவர்கள் கருவியைப் பார்த்துப் படகு ஓட்டினார்கள். இவருக்கு ஊர் டாங்கிதான் எல்லைக்கல், கண்தான் கருவி. கூசாமல் புளுகுகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே எரிச்சலோடு ஐஸ் ஃபேக்டரிக்குப் போய்ப் பாளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐஸ் உடைப்பவள் வழக்கம்போலப் புலம்பினாள்.

"இன்னைக்கும் தண்ணி வரலக்கா. பழைய டாங்கியை இடிச்சு, ரெண்டு மடங்கு உசரத்துக்குக் கட்டி, அதே பச்சை பெயிண்டும் அடிச்சு என்ன பிரயோஜனம்? அண்ணாந்து அழகு பாக்கவா?"

இவள் கை அப்படியே நின்றது. தினம் பார்க்கிற டாங்கிதான், இப்போதுதான் உறைத்தது. அதைக் கட்டும்போது அவர் கட்டிலில் கிடந்தார்; யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை, கடலிலிருந்து பார்த்தால் தெரிவதும் அதே பச்சைத் தலைதான். உயரமான டாங்கியின் தலை, கோட்டைத் தாண்டிப் போனாலும் தெரியத்தானே செய்யும்? ஐயோ, பாவி மனுஷன் புளுகவே இல்லை!

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நல்லவேளை, அவர் எடுத்துவிட்டார்.

"ஏங்க, உடனே திரும்புங்க! அது பழைய டாங்கி இல்ல, உசத்திக் கட்டிட்டாங்க. நீங்க கோட்டைத் தாண்டிப் போயிட்டிருக்கீங்க. நங்கூரத்துல வெள்ளை மணல் இருந்துச்சு."

"எப்போ பாத்தே?"

"போன வாரம்."

போனில் அவர் படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. அதன் மேல் இன்னொரு எஞ்சின், பெரியது. யாரோ ஒலிபெருக்கியில் புரியாத பாஷையில் அதட்டினான்.

"வந்துட்டாங்க. நம்ம கொடி இல்ல," என்றார் அவர். "ஏன் அன்னைக்கே கேக்கல?"

இப்போதும் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"அங்க எவளையோ வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"அடிப்பாவி," என்றார். குரலில் கோபமே இல்லை. அதற்குள் போனை யாரோ பிடுங்கிவிட்டார்கள்.