பேசிக்கொண்டே ஏறுங்கள்

அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அத்தானின் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. தூக்கத்தில்கூட யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருப்பார் என்று அக்கா சொல்வாள். வேலையும் அதற்கேற்றாற்போலத்தான் வாய்த்திருந்தது. அடுக்குமாடிகள் எழும்பும் இடத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவர். இரும்பு ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் சாயங்காலம்வரை தனி ஆள். ஆனால் கையில் வாக்கி-டாக்கி இருக்கிறதே! கீழே கம்பி கட்டுகிறவர், கலவை போடுகிறவர், கேட்டில் நிற்கிறவர் எல்லோர் காதிலும் நாள் முழுக்க அவர் குரல்தான். ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. நான் மட்டும் அத்தான் என்பேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார்.

நான் டீச்சர் இல்லை. மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நெஞ்சுவலி வந்து பிழைத்தவர்களைச் சோதித்து, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி பயிற்சி வகுத்துக் கொடுக்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரர் செய்கிற பயிற்சியைத்தான் கேட்பார்கள். "அவரு ஓடுறாரே, எனக்கும் ஓட்டம் குடுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வீர்களா என்று கேட்பேன். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம், என்ன வகை, இந்த நான்கும் ஆளுக்கு ஆள் மாறும். விரலுக்குத் தகுந்த வீக்கம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வந்துவிட்டது. வந்தால் வரட்டும்.

அத்தானுக்கு வலி வந்தது அந்தக் கூண்டுக்குள்தான். "மேல ஒரே புழுக்கமா இருக்குப்பா, யாரோ என் நெஞ்சுல ஏறி உக்காந்துட்ட மாதிரி இருக்கு, இறங்கச் சொல்லுங்க" என்று வாக்கி-டாக்கியில் ஜோக்கடித்திருக்கிறார். கீழே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஏணியில் தானே இறங்கி வந்து அடிப்படியில் விழுந்தபிறகுதான் சிரிப்பு நின்றது. மருத்துவமனையில் அடைத்திருந்த ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற சிறு கம்பிச் சுருள் வைத்து உயிரை மீட்டார்கள். கொஞ்சம் தேறியதும் என் கூடத்துக்கு அனுப்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் இந்த மாதிரிக் கூடம் வேறு கிடையாது. "சொந்தக்காரர்னு தயங்காதீங்க, உங்களைவிட யாரு கவனமா பார்க்கப் போறாங்க" என்றார் டாக்டர்.

முதல் நாளே அத்தானிடம் சொல்லிவிட்டேன். இதயத்தைச் சாந்தமாக வைத்திருக்க அவருக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போடுகிறவர்களுக்கு எவ்வளவு சிரமப்பட்டாலும் துடிப்பு ஏறாது. இயந்திரத்தில் எண் அழகாகத்தான் இருக்கும். முள் ஒட்டிக்கொண்ட தராசு மாதிரி அது. நம்பினால் மோசம் போவோம். அதனால் வாயைத்தான் நம்ப வேண்டும்.

"நடக்கும்போது பேசிக்கிட்டே இருங்க. முழுசா ஒரு வாக்கியம் தடங்கலில்லாம வந்தா, அளவு சரி. பாட்டே பாட முடிஞ்சா, இன்னும் கொஞ்சம் கூட்டலாம். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினா நிறுத்திடணும்."

அத்தான் கண்ணைச் சிமிட்டினார். "அப்போ எனக்குப் பரீட்சையே பேச்சுதானா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க!"

கூடத்தில் இருந்த நோயாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் வந்த நாட்களில் அந்தக் கூடம் கூடமாகவே இல்லை. டிரெட்மில் நடைப்பட்டையில் நடந்துகொண்டே புறாக் கதையைச் சொல்வார். கிரேனின் கைமேல் ஒரு புறா கூடு கட்டி முட்டையிட்டதும், வலப்பக்கம் திருப்பினால் கம்பி உரசிக் கூடு கலைந்துவிடும் என்று இவர் குஞ்சு பொரிக்கும்வரை கிரேனை இடப்பக்கமாகவே சுற்றிச்சுற்றி ஓட்டியதும், திட்டுவதற்காக ஏணியில் ஏறிய சூப்பர்வைசர் பாதி வழியில் கீழே பார்த்துவிட்டு ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அம்மா" என்று அலறியதும். அந்தக் கடைசிப் பகுதியை, அலறல்வரைக்கும், மூச்சே விடாமல் ஒரே ஓட்டமாகச் சொல்வார். அதில்தான் கதையின் ருசியே இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அவருடைய கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. மறுபடி கூண்டுக்குப் போக வேண்டுமானால் டாக்டர் முன்னால் படிச்சோதனையில் தேற வேண்டும். ஏணி ஏறுகிற வேகத்தில், குறித்த நேரம்வரை, ஒரு பெட்டிமேல் ஏறி இறங்க வேண்டும். தேறாவிட்டால் தரையில் ஏதாவது வேலை தருவார்கள். அத்தானுக்குத் தரை என்றாலே ஆகாது. "கீழ இருந்தா நான் எல்லாரையும் மாதிரி ஒரு ஆளு டீச்சரம்மா. மேல இருந்தாத்தான் ரேடியோ" என்பார். சோதனையை இன்னும் சில மாதம் தள்ளிப்போடலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். குருவி தலையில் பனங்காயை வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. கிரேனில் வேறொருவரை ஏற்றியிருந்தார்கள். அந்தப் புது ஆள் வாக்கி-டாக்கியில் "சரி", "ஆச்சு" தவிர ஒன்றும் பேசுவதில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

சோதனைக்கு முந்தின நாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நல்லாத் தயாராயிட்டாருடி. நாளைக்கு ஏதாவது கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும், நீ கண்டுக்காம விட்டுடு."

"கண்டுக்கிறதுதான்க்கா என் வேலை."

"அவருக்கு அந்தக் கூண்டுதான் உசுரு. உனக்கே தெரியும்."

"அக்கா, சுவர் இருந்தாத்தான் சித்திரம்."

"பழமொழியெல்லாம் உன் கூடத்துல வச்சுக்கோ" என்று எழுந்து போய்விட்டாள். நான் கொடுத்த டீயைத் தொடக்கூட இல்லை.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். கம்பெனி சார்பில், புறாக் கதையில் வருகிற அந்த சூப்பர்வைசரே வந்திருந்தார். அக்கா கதவோரம் நின்றாள். அத்தான் சவரம் செய்து, கூண்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன், நன்றாக இருந்தது. கை கால்களை இளக்குவதற்கு மெதுவாக நடக்கவைத்தேன். பிறகு பெட்டியைக் காட்டி, எல்லோருக்கும் சொல்கிறதையே சொன்னேன். "பேசிக்கொண்டே ஏறுங்கள்."

ஏறினார், இறங்கினார், பேசினார். டாக்டர் கட்டியிருந்த டையைக் கேலி பண்ணினார். சூப்பர்வைசரின் தொப்பையைக் கேலி பண்ணினார். இயந்திரத்தில் துடிப்பு எண் ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நேரத்தில் பாதி தாண்டியிருந்தது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது, அதை மறைக்க மாட்டேன். மனுஷன் ஜெயித்துவிடுவார்போல் இருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்புறம் புறாக் கதையை எடுத்தார்.

"புறா ஒண்ணு... கூடு கட்டிச்சு. நான் என்ன பண்ணேன்?" என்று நிறுத்தி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் சிரித்தார். "இடப்பக்கமே... சுத்தினேன். இவரு விடுவாரா?" மறுபடி நிறுத்தினார். டாக்டர் சிரித்தார். "ஏறினாரு. பாத்தாரு. அவ்வளவுதான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் எதிரிலேயே நிற்கிறார், அலறலை விட்டுவிட்டாரே! வேறு யார் எதிரில் நின்றாலும் விடலாம், அவர் எதிரில் விடவே மாட்டார். அப்போதுதான் காலையிலிருந்து அவர் பேசிய எல்லாமே எனக்குத் திரும்பக் கேட்டது. எல்லாம் துண்டு துண்டாக இருந்தது. பாதிக்குமேல் கேள்வியில் முடிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மற்றவர்கள் சிரிக்கிற நேரத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முழு வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. கதவோரம் பார்த்தேன். அவர் அடுத்ததாக ஏதோ ஆரம்பிக்க, அக்காவின் உதடுகள் அவரோடு சேர்ந்து அசைந்தன. எங்கே நிறுத்த வேண்டும் என்பதுவரை இருவரும் வீட்டில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்.

"நிறுத்துங்க" என்றேன்.

"இன்னும்... நேரம் இருக்கே?"

"ஏற வேண்டாம். நின்னபடியே அந்தக் கதையோட கடைசியைச் சொல்லுங்க. அந்த 'அம்மா' அலறல் வரைக்கும். எப்பவும் சொல்ற மாதிரி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வாயைத் திறந்தார். "இவரு ஏணியில..." என்றார். பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நெற்றி முழுக்க வியர்வை. உதட்டில் ரத்தமே இல்லை. நான் அவசரமாகக் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன். உழைக்கும்போது ஏற வேண்டிய மேல் எண், உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது. டாக்டரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சக்கர நாற்காலியைக் கொண்டு வரச் சொன்னார்.

அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு குழாயும் சுருங்கிக்கொண்டு வருகிறதாம்; சுருள் வைத்துத் திறக்கிற அளவுக்கு அது நல்ல குழாய் இல்லையாம்; மருந்தோடும் நடையோடும்தான் இனி ஓட்ட வேண்டும் என்றார்கள். கூண்டு இந்தப் பிறவியில் கிடையாது. "இன்னும் கொஞ்ச நேரம் ஏறியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும், நல்ல வேளை கவனிச்சீங்க" என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தான் பேசுவதை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டு பேசாமலிருந்தால்கூடப் பரவாயில்லை. இது அப்படியில்லை. கேட்டால் தலையசைப்பார். கம்பெனியில் கேட் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள், போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் தூரத்தில் அந்தக் கிரேன் தெரியும். நாற்காலியை அதற்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அக்கா சமையலறையில் என்னை மடக்கினாள். "ராத்திரியானா படிக்கட்டுல ஏறி இறங்கிப் பழகினோம். நான்தான் கூடவே போவேன். எந்த இடத்துல சிரிப்பு வரும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"படிக்கட்டுலயா? பக்கத்துல ஒரு டாக்டர்கூட இல்லாம? அங்கயே விழுந்து செத்திருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?"

"அழுதிருப்பேன்" என்றாள். "அழுது ஒருநாள் ஓய்ஞ்சிருப்பேன். நீ உன் வேலையைச் சரியாத்தான் செஞ்ச, உன்மேல தப்பு இல்ல. ஆனா நான் ஒரு மனுஷனோட குடும்பம் நடத்திட்டிருந்தேன். இப்போ ஒரு நாற்காலியோட நடத்திட்டிருக்கேன்."



அவர் கூடத்துக்கு வர மறுத்ததால், தினமும் வேலை முடிந்து நான் அங்கே போகிறேன். அவர்கள் மாடியில் வீடுகளுக்கு நடுவே நீளமாக ஒரு நடைவழி இருக்கிறது. சமதளம், ஏற்றம் இறக்கம் கிடையாது, நடுவில் உட்கார ஒரு பெஞ்சு. முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, கடைசியில் மறுபடி மெதுவாக. அவர் உடம்புக்கு நான் வகுத்தது இதுதான். கையைப் பிடித்து எழுப்பினால் எழுந்து வருவார், விட்டால் உட்கார்ந்துவிடுவார். ஆனால் எவ்வளவு நடத்துவது, எப்போது நிறுத்துவது? துடிப்பு எண்ணை அந்த மாத்திரை அடக்கி வைத்திருக்கிறது. கஷ்டமா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார். அவரை அளக்க என்னிடம் இருந்த ஒரே அளவுகோல் அவர் பேச்சு. பேசாதவர் மூச்சு முட்டிப் பேசவில்லையா, மனம் செத்துப் பேசவில்லையா என்று எந்தப் படிப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பயந்து பயந்து, நடக்க ஆரம்பித்ததுமே நிறுத்திக்கொண்டிருந்தேன். அந்த நடையால் உடம்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கே தெரியும். இப்படியே போனால் அந்த இதயம் நாளுக்கு நாள் சுருண்டுகொண்டுதான் வரும்.

நேற்று எனக்குத் தாங்கவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், ஏதாவது பேசுங்க. திட்டவாவது திட்டுங்க. நீங்க பேசினாத்தான் எனக்குத் தெரியும். இல்லேன்னா உங்களை நடக்கவைக்க எனக்குப் பயமா இருக்கு."

அவர் நிற்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நடந்துகொண்டே பேசினார்.

"அன்னிக்கு நீ வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா நான் மேல போயிருப்பேன், போயி ஒருநாளோ ரெண்டுநாளோ அத்தனை பேரு காதுலயும் பேசிக்கிட்டே இருந்திருப்பேன், பேசிக்கிட்டே செத்துமிருப்பேன், அதைக் கெடுத்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவுல என்னை மாடு மாதிரி நடக்கவிட்டு உசுரோட வச்சிருக்கேன்னு தினம் வந்து பாத்துட்டுப் போறியே, உன்னை மாதிரி ஒரு பாவி என் பொண்டாட்டிக்குத் தங்கச்சியா வந்து பொறந்தாளேன்னுதான் நான் விடிஞ்சா எந்திரிக்கும்போது நினைச்சுக்கிறேன்."

முழுவதையும் கேட்டேன். அவர் சொன்னதைவிட, எங்கே மூச்சு வாங்குகிறார் என்றுதான் என் காது தேடிக்கொண்டிருந்தது. பழகிய காது, வேறென்ன செய்யும்? எங்கும் வாங்கவில்லை. அந்தப் புறாக் கதையைச் சொல்வதுபோல ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்திருந்தார். எனக்குத்தான் வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

"இந்த வேகம்... சரியா இருக்கு அத்தான்" என்றேன். "இப்படியே... நடங்க."