திரைக்கு உள்ளே

நோன்பு மாதத்தில், பகலில், குடும்பத்தோடு ஓட்டலுக்குக் கிளம்பியவர்கள் மந்தைவெளியில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அத்தாவே காரை ஓட்டினார். பூந்தமல்லி தாண்டும்போது, "போய் இன்னா கேக்கப் போற, நஸ்ரு? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றார் அம்மாவிடம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாணியம்பாடியில் அந்த ஓட்டல் வரும் வரை முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

போன வருஷ நோன்பில் என் அண்ணன் ஜீஷான் பெங்களூரிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். இந்த ஓட்டல் வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தான். "நோன்பு வெச்சிருக்க இல்ல?" என்று அம்மா கேட்டாள். "வெச்சிருக்கேம்மா" என்றான். ஆம்பூர் வருவதற்குள், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி இறந்துபோனான். வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்றார்கள்.

பயணத்தில் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். "வயசுப் புள்ளை, உனக்கு இன்னாடா கேடு, வெச்சுடு" என்று முதல் நாள் சொன்னவள் அம்மாதான்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. போனை வைத்த பிறகு அவன் உள்ளே போய்ச் சாப்பிட்டானா? மகன் தன்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக துஆ கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஓட்டல் வாசலை மறைத்துப் பச்சைத் திரை தொங்கியது. நோன்பு நாளில் சாப்பிடுகிறவர்கள் தெருவுக்குத் தெரியாமல் இருப்பதற்காக. அத்தா காரை விட்டு இறங்கவில்லை. நானும் அம்மாவும் திரையை விலக்கி உள்ளே போனோம்.

கல்லாவில் இருந்தவர் பெயர் ஷஃபியுல்லா. போனில் அண்ணனின் படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார்.

"திரைக்குள்ள வர்றவங்க மொகத்தை நாங்க பாக்கறதில்லைம்மா. சீக்காளியா, பயணியா, பசி தாங்காதவனா, எங்களுக்கு எதுக்கு? பரிமாறறவங்களுக்கும் அதையேதான் சொல்லி வெச்சிருக்கேன். தட்டைப் பாரு, ஆளைப் பாக்காதேன்னு."

ஆமாம் என்று சொல்லுங்கள் என அம்மாவுக்குப் பின்னால் நின்று சைகை செய்தேன். அவர் கவனித்தார். "நோன்பு வெச்ச வாய்ம்மா, பொய் சொல்லக் கூடாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா அழவில்லை. "கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்" என்றாள். காலியாக இருந்த மேஜைகளில் ஒன்றில் உட்கார்ந்தோம்.

திரை விலகியது. கையில் ஹெல்மெட்டோடு ஒருவன் உள்ளே வந்தான். அண்ணன் வயதுதான் இருக்கும். அம்மாவின் புர்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"தெரியாம வந்துட்டேன்" என்று திரும்பினான்.

"எங்க போவணும் நைனா, பைக்ல?" என்றாள் அம்மா.

"ஸ்ரீபெரும்புதூர்."

"அவ்ளோ தூரம் வெறும் வயித்தோட ஓட்டுவியா?"

அவன் தலை குனிந்தான். "எங்கம்மா கிட்ட நோன்புன்னு சொல்லிட்டு வந்தேன்."

ஷஃபியுல்லா மேஜையைப் பார்த்தபடி இருந்தார். அம்மா எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பாக்கல. நீ சாப்பிடு. சிம்ரா, நீயும் திரும்பு."

திரும்பினேன். எங்களுக்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வெறும் சுவர். முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. தட்டு வைத்தார்கள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வேகமாக அவன் சாப்பிட்டான். திரும்பிப் பார்த்தால் அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. திரும்பிவிடக் கூடாதே என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கண்களை மூடியிருந்தாள். உதடுகள் உலர்ந்திருந்தன.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வெளியே அத்தா ஹாரன் அடித்தார். நான் எழப்போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. அவன் கை கழுவட்டும்."