மூணு பேர் வாசிச்ச கேசட்

அந்தக் கேசட்டை முதன்முதலாகப் போட்ட அன்று, கியர்பாக்ஸில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து, அத்தியந்தல் தாண்டியதும் சின்னசாமி பஸ்ஸை ஓரங்கட்டினார். அடியிலிருந்து 'தும்... துதும்' என்று கனமான சத்தம். இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்தார். சத்தம் நிற்கவில்லை.

"இன்னாண்ணா, பஞ்சரா?" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான் கண்டக்டர் ராமதாஸ்.

"பஞ்சரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கேசட்டுலேருந்து வருதுடா."

1983ஆம் வருடம். திருவண்ணாமலைக்கும் செங்கத்துக்கும் நடுவே ஒரு நாளைக்கு எட்டு நடை அடிக்கும் தனியார் பஸ் அது. சின்னசாமி அடி அண்ணாமலைக்காரர். குடும்பத்தில் ஏரைப் பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் ஆள். ரமணாசிரமம் நிறுத்தத்தில் வெள்ளைக்காரர்கள் நான்கைந்து பேர் இறங்கிய பிறகு, கடைசி சீட்டுக்கு அடியில், மேலே பேர் எதுவும் எழுதாமல், அந்தக் கேசட் கிடந்தது. ஆசிரம ஆபீசில் காட்டினார். பக்கத்து வாடகை அறைகளிலும் விசாரித்தார். யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் டேஷ்போர்டில் வைத்திருந்துவிட்டு, மூன்றாவது வாரம் போட்டுப் பார்த்தார்.

சினிமாப் பாட்டு கேட்டுப் பழகிய ஜனம். முன்னிசை முடிந்து குரல் வரும் என்று பாய்ச்சல் கிராமம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தது. வரவில்லை. டிரம் அடித்தது, தடித்த கம்பி ஒன்று அடியில் உறுமியது, ஆர்மோனியத்துக்குத் தூரத்துச் சொந்தம் போன்ற ஒரு வாத்தியம் மேலே ஏறி இறங்கியது. மூன்றே மூன்று. அந்தப் பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அதிலும் ஆள் குரல் கிடையாது.

"பாடறவனுக்கு தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள். பஸ்ஸே சிரித்தது. ராமதாஸ் விறுவிறுவென்று முன்னால் வந்து, "மாத்துண்ணா, மானம் போவுது" என்றான்.

சின்னசாமி மாற்றவில்லை. ஏன் என்று அவருக்கே அப்போது தெரியவில்லை. செங்கத்தில் இறங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. வழக்கமாக அங்கே வந்து சேரும்போது தோள்பட்டை கல்லாகியிருக்கும். அன்று இல்லை.

மறுநாளும் போட்டார். கேட்கக் கேட்க உள்ளே நடப்பது பிடிபட்டது. டிரம்காரன் அவசரப்படுவதே இல்லை. கம்பிக்காரன் அவனுக்குப் பக்கத்திலேயே நடப்பான், ஆனால் அவன் கால் வைத்த இடத்தில் வைக்கமாட்டான், ஒரு இம்மி தள்ளி வைப்பான். அந்த இம்மியில்தான் ஆளைப் பிடித்து இழுக்கிற ஏதோ இருந்தது. மூன்றாமவன் இஷ்டத்துக்குத் திரிந்துவிட்டு வருவான். எங்கே போனாலும் மற்ற இருவரும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அவன் ஓடிவந்து ஏறிக்கொள்வான்.

ஜனங்களின் புகார் பஸ் முதலாளி ஆதிமூலத்தின் காதுக்கு எட்டி, அவரே ஒருநாள் பஸ்ஸில் ஏறினார். செங்கம் வரை கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "அதுல அப்டி இன்னாய்யா இருக்குது?" என்று கேட்டார்.

"பாட்டுன்னா மனசு அந்தக் கதைக்குப் போயிடுதுங்க. காதல், சோகம், அது இதுன்னு. இது எங்கயும் கூட்டினு போவல. கை காலுலயே நின்னுக்குது. ரோட்டுமேல கண்ணு இருக்குது."

"காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போட்டுக்க. மீதிக்கு சினிமாப் பாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

அப்படியே ஆறேழு மாதம் ஓடியது. கீரைக்கூடை அம்மாளின் பெருவிரல் அவளுக்குத் தெரியாமலே கூடையின் விளிம்பில் தட்ட ஆரம்பித்தது. ராமதாஸ் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தான்.

சித்திரை வெயிலில் அது நடந்தது. செங்கம் ஸ்டாண்டில் கொதிக்கக் கொதிக்க நின்ற பஸ்ஸில் கேசட் சிக்கிக்கொண்டது. சின்னசாமி டீ குடிக்கப் போயிருந்தார். ராமதாஸ் வெடுக்கென்று இழுத்தான். பழுப்பு நாடா முழம் முழமாக வந்து, நான்கு இடத்தில் அறுந்தது.

திரும்பி வந்த சின்னசாமி அதைப் பார்த்தார். திட்டவில்லை. நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் போடாமலே திருவண்ணாமலை வரை ஓட்டினார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ராமதாஸுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் இருவரும் தேரடித் தெருவில் ராஜேந்திரனின் ரெக்கார்டிங் கடைக்குப் போனார்கள். ராஜேந்திரன் நாடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இது தேறாது. பேரச் சொல்லுங்க, மெட்ராஸ்லேருந்து வரவழைச்சி பதிஞ்சி தரேன். இன்னா படம்?"

"படம் இல்லப்பா."

"யார் பாடனது?"

"யாருமே பாடல."

ராஜேந்திரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சின்னசாமிக்கு வேறு வழி தெரியவில்லை. கடை மேஜைமேல் விரலால் தாளம் போட்டுக் காட்டினார். அது வெறும் தட்டலாக இருந்தது. அப்போது பக்கத்திலிருந்து 'தும்... துதும்' என்று அடித்தொண்டையில் ஒரு குரல் கிளம்பியது. ராமதாஸ்! அந்த இம்மி தள்ளி வைக்கிற அடி உட்பட, ஒன்று விடாமல் வந்தது.

"நீ புடிக்கலன்னியேடா?"

"புடிக்கல. தூக்கத்துலகூட ஓடுது, நான் இன்னா பண்றது?"

மேலே வேறொரு வாத்தியமும் உண்டு, அதைப் பாடிக்காட்டத் தங்களுக்கு வராது என்று சின்னசாமி சொன்னதும் ராஜேந்திரன் சிரித்துவிட்டான். "சத்தியமா எனக்குத் தெரியல. ஆசிரமத்தாண்ட வெள்ளக்காரங்களாண்ட கேளுங்க. ஆனா மேல ஏதோ ஒண்ணு வாசிப்பாங்கன்னு சொல்றீங்களே, அது இல்லாம யாருக்கும் புரியாது."

மறுநாள் காலை நடையில் இருவரும் இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்குப் பின் சீட்டில் சந்திரம்மாள் உட்கார்ந்திருந்தார். செங்கம் தாலுக்கா ஆபீசில் கிளார்க். ஆறு வருடமாக அதே சீட்டில் வருகிறவர். 'டிக்கெட்', 'சில்லறை' தவிர அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"அது இப்படிப் போவுங்க" என்றார் திடீரென்று. சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகத் தொடங்கினார். ஏற்றம், இறக்கம், ஓடிப்போய்த் திரும்புவது, எல்லாம் இருந்தது. முடிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "எங்க அப்பா பஜனை கோஷ்டிக்கு ஆர்மோனியம் வாசிப்பாரு. கேட்டா மனசுல நின்னுடும்" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து அவரும் வந்தார். ஆசிரமத்துக்கு எதிர் டீக்கடையில், இரண்டு நடைகளுக்கு இடையில் அரை மணி நேரம்தான் இருந்தது. முதலில் கேட்ட இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்துவிட்டார்கள். மூன்றாமவர் டானியல் என்கிற ஹாலந்துக்காரர். ஒரு வருடமாக அந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார். சந்திரம்மாள் தனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். டானியல் பெஞ்சில் உட்கார்ந்து, "சரி, வாசியுங்கள்" என்பதுபோலக் கையைக் காட்டினார்.

சின்னசாமி டீக்கடைப் பலகையில் தட்டினார். ராமதாஸ் ஆரம்பித்தான். சந்திரம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சேர்ந்துகொண்டார். முதல் தடவை மூன்றும் மூன்று திசையில் போயின. டீக்கடைக்காரர் பாய்லரிடமிருந்து திரும்பிப் பார்த்தார். சின்னசாமி கையை உயர்த்தி நிறுத்தி, மறுபடி மெதுவாகத் தொடங்கினார். அவசரப்படக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. சந்திரம்மாள் தூரப்போய்த் திரும்பி வந்த இடத்தில், ஓடும் பஸ்ஸில் ஆள் ஏறுவதுபோல மூன்றும் சேர்ந்ததை சின்னசாமி தன் மணிக்கட்டில் உணர்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று துடைத்துக்கொண்டார்.

டானியலின் தலை ஆடிக்கொண்டிருந்தது. எந்த ரெக்கார்டு என்று தெரியவில்லை என்றார். ஆனால் இப்படி வாசிக்கிற மூன்று பேர் யாராக இருக்கும் என்று ஒரு யூகம் இருக்கிறது, ஊரில் தம்பி ரெக்கார்டு கடை வைத்திருக்கிறான், எழுதிப் பார்க்கிறேன் என்றார்.

வைகாசி போய் ஆவணி வந்தது. மூவரும் அதைப் பற்றிப் பேசுவதைக்கூட விட்டுவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, ஆசிரம நிறுத்தத்தில் டானியல் கையைக் காட்டி பஸ்ஸை மறித்து, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே புதுக் கேசட். அட்டையில் மூன்று பேர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள்.

சின்னசாமி போட்டார். கம்பி உறுமியது, டிரம் விழுந்தது. ஆனால் அந்தப் பாட்டு இல்லை. அடுத்ததும் இல்லை. மூன்றாவதும் வேறு ஏதோ. தப்பான கேசட். இவ்வளவு காத்திருந்தது இதற்குத்தானா?

ராமதாஸ் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, சீட்டுகளுக்கு நடுவே நின்றான். "அண்ணா, பாட்டு வேறண்ணா. ஆளுங்க அவங்கதான். அந்தக் கம்பிக்காரன் கால் வக்கிறத பாரு."

"அவங்களேதான்" என்றார் சந்திரம்மாள் பின்னாலிருந்து. "ஓடிப்போய் திரும்புறது அதே மாதிரி."

சின்னசாமி காதைத் தீட்டிக்கொண்டார். ஆமாம். டிரம்காரன் அவசரப்படவே இல்லை. முன்பின் பார்த்திராத மூன்று ஆட்களை, முகத்தை வைத்தல்ல, பெயரை வைத்தல்ல, அவர்கள் அடி எடுத்து வைக்கும் விதத்தை வைத்தே இந்தச் செங்கம் ரோட்டில் மூன்று பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய பாட்டு போய்விட்டது, அது இனி வராது. அதற்கு வருத்தம்தான். ஆனாலும் வலது கால் ஆக்சிலேட்டர்மேல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுண்ணா" என்றான் ராமதாஸ். அடுத்த நிறுத்தத்தில் விசிலை வாயில் வைத்து, ஓடிவருகிறவர்கள் ஏறும்வரை ரைட் கொடுக்காமல் காத்து நின்றான்.