தாவூது பாய் பேரில் உள்ள வீடு

மாதவரத்தில் தாவூது பாய்க்குக் காய்ச்சல் வந்த அன்று, தண்டையார்பேட்டையில் அவர் விற்றுவிட்டுப் போயிருந்த வீட்டின் சுவர்கள் நூற்றிரண்டு டிகிரி கொதித்தன. அளந்து பார்த்தவர் வீட்டை வாங்கிய லோகநாதன். வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர் என்பதால் சூட்டுக்குப் பயப்படாதவர். ஜன்னலுக்குக் கீழே தெர்மாமீட்டரை வைத்து இரண்டு நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துப் பார்த்துவிட்டு, வயரில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போனார். மறுநாள் மதியம் சுவர்களில் முத்துமுத்தாக வேர்த்தது. சாயங்காலத்துக்குள் சூடு இறங்கிவிட்டது. அதற்கடுத்த நாள் வேறு ஏதோ வேலையாக வந்த புரோக்கர் ரெஜி, பாய் இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தார், நேற்றுதான் வேர்த்து விட்டது என்று பேச்சுவாக்கில் சொன்னபோது, லோகநாதனின் மனைவி கன்னியம்மா காபி ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

வீடு கைமாறியது 2018இல். தாவூது பாய் துறைமுகக் குடோன் ஒன்றில் மூட்டைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மகள் மெஹ்னாஸை ரியாத்தில் வேலை செய்யும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க வீட்டைப் பன்னிரண்டு லட்சத்துக்கு விற்றுவிட்டு, மாதவரத்தில் மகன் யாசினோடு போய்ச் சேர்ந்துகொண்டார். வியாசர்பாடியில் வாடகைக்கு இருந்த லோகநாதனும் கன்னியம்மாவும் பதினாறு வருடச் சேமிப்பையும் அவளுடைய நகைகளையும் சேர்த்து அந்தப் பன்னிரண்டு லட்சத்தைப் புரட்டியிருந்தார்கள். பத்திரம் பதிவதற்கென்று தனியாக ஒரு தொகை வேண்டும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்போது முத்திரைத்தாள் கட்டணம் நூற்றுக்கு ஏழு, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு நான்கு. பேசிய விலை, அரசாங்கம் அந்தத் தெருவுக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். இரண்டும் பன்னிரண்டாகவே இருந்ததால் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வந்தது. அவர்களிடம் மிச்சம் இருந்தது நாலாயிரம். பதிவை அப்பாலிக்கா பாத்துக்கலாம், சாவிதான் கையில கீதே என்றார் ரெஜி. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அப்படித்தான் கைமாறியிருந்தன. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பால் காய்ச்சிக் குடிபோனார்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு கன்னியம்மா சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் டோரதியிடம் போய் விவரம் கேட்டாள். டோரதி ராயபுரத்துக்காரர், முப்பது வருடமாக அந்த மேசையில் இருப்பவர். சுவர் சுட்டதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. திருவொற்றியூரில் பதியாமல் வெறும் பவர் பத்திரத்தை வைத்து வாங்கிய ஒரு வீட்டுக்கு மூன்று வருடம் விக்கல் நிற்கவில்லை என்றார். "கவர்மென்ட்டுக்கு அது பாய் வூடு. வூட்டுக்கும் அப்டித்தான். இருபது ரூபா பேப்பர் நீயும் அவரும் பேசிக்கினது. வூட்டாண்ட யாரு சொன்னது? பதிஞ்சாத்தான் அதுக்குத் தெரியும்." பாய் உயிரோடு இருக்கும்போதே பதிந்துவிடு, அப்புறம் வாரிசுகள் பின்னால் அலைய வேண்டியிருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து கன்னியம்மாவுக்கு அது ஒன்றுதான் குறி.

தாவூது பாய் மறுக்கவே இல்லை. நீங்கள் கூப்பிடும் நாளில் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கட்டணத்தில் ஒரு பங்காவது தான் தர முடியவில்லையே என்று அவருக்கு வெட்கம். வந்த பணமெல்லாம் கல்யாணத்தில் போயிருந்தது. ஆகவே பணம் சேரும்வரை அந்தக் குடும்பம் அவருடைய உடம்புக்குள்தான் குடியிருந்தது. அவர் இருமினால் தாழ்ப்பாள்கள் கடகடத்தன. நோன்பு மாதத்தில் விடிந்ததிலிருந்து குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கொட்டும். அண்டை வீட்டார் அந்த நேரத்துக்குக் குடத்தோடு வந்து நின்றார்கள். அவர் வலது கண்ணில் புரை வளர்ந்த வருடம் வாசலுக்கு வலது பக்க ஜன்னலில் எதுவும் தெரியாமல் போனது. எழும்பூரில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியின் பூப்போட்ட கரைகூடத் தெரிந்தது.

வீட்டைப் பராமரிப்பவர்கள் வெள்ளையடிப்பார்கள், கூரை ஒழுகினால் பூசுவார்கள். கன்னியம்மா தாவூது பாய்க்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மாதவரம் போய், சங்கரா மீன் குழம்பும் கேழ்வரகுக் களியும் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை அவர் திருட்டுத்தனமாக அல்வா தின்று, தண்டையார்பேட்டை வீட்டில் தரையெல்லாம் எறும்பு மொய்த்துவிட்டது.

"இன்னா பாய் இது, நீ துன்னுட்டு கம்முனு கீற. நான் ரெண்டு நாளா வூட்டக் கூட்டிகினே கீறேன்."

"ஒரு துண்டுதான்மா."

"ஒரு துண்டுக்கா அத்தினி எறும்பு? பொய்யி வேற."

பாய் சிரித்தார். தண்டையார்பேட்டையில் எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன என்று அன்று வீட்டில் இருந்த லோகநாதன் பிறகு சொன்னார். ஆனால் மாத்திரைக்கும் கண்ணுக்கும் மீனுக்கும் போனது பதிவுக்கென்று எடுத்துவைத்த பணம். இரண்டு முறை எண்பதாயிரம் வரை சேர்ந்து, இரண்டு முறையும் பாயின் உடம்பிலேயே கரைந்தது. கவனிக்காமல் விட்டால் வீடு போய்விடும், கவனித்தால் பதிவு தள்ளிப்போகும். கன்னியம்மா இதை யாரிடமும் புலம்பவில்லை. தினமும் எழுந்ததும் சுவரில் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவினாள்.

2023 மார்ச்சில் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரமும் சேர்ந்துவிட்டது. டோரதி பத்திரம் எழுதி, மாதக் கடைசி வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டுக் கொடுத்தார். அந்த வாரம் லோகநாதன் டீக்கடை டிவியில் ஒரு செய்தி பார்த்தார். ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் நான்கிலிருந்து இரண்டாகக் குறைகிறது. அதற்குள் பட்டறையில் வெல்டிங் மிஷின் புகைகிறது என்று கூப்பிட்டார்கள், செய்தியின் மறுபாதியைக் கேட்காமல் ஓடினார். நடந்துகொண்டே கணக்குப் போட்டார். நாலு நாள் பொறுத்தால் இருபத்துநாலாயிரம் மிச்சம். டோரதியிடம் கேட்டால் தன் எழுத்துக்கூலிக்காக அவசரப்படுத்துவார் என்று நினைத்து அவரிடம் சொல்லவில்லை. கன்னியம்மாவிடம் ஆபீசில் கம்ப்யூட்டர் ஓடவில்லையாம் என்று பொய் சொன்னார். பாய்க்கு மட்டும் தகவல் சொல்ல மறந்துபோனார். அந்த வியாழக்கிழமை தாவூது பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆதார் அட்டையோடு வந்து, அலுவலக பெஞ்சில் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை லோகநாதன் மனைவியை அழைத்துக்கொண்டு போனபோது கட்டணம் குறைந்துதான் இருந்தது, நூற்றுக்கு ஒன்பது. அதே நாளில் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பு பன்னிரண்டு லட்சத்திலிருந்து பதினெட்டாக ஏறியிருந்தது. கட்ட வேண்டியது ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.

டோரதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கொறச்சத காதுல வாங்கின. ஏத்துனத யாரு வாங்குவா, நைனா?"

கன்னியம்மா கொண்டுவந்த பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சாப்டு, ஆறிப்பூடும்" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அவர் எந்தக் கணக்கையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மீதி முப்பதாயிரம் சேர்வதற்குள் ஜூலையில் பாய்க்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டின் இடது சுவர் ஒரு சாண் இறங்கியது, அந்தப் பக்கக் கதவு மூடியபடியே நின்றது. இருந்த பணத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்குப் போனது. யாசின் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். அக்கா, நீ கொடுத்தத நான் மறக்கமாட்டேன் என்று சொன்னார். மறக்கவும் இல்லை, கொடுக்கவும் முடியவில்லை. 2024இல் வழிகாட்டி மதிப்பு மறுபடி ஏறியது. 2025இல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு என்றார்கள். கன்னியம்மா அன்றே தன் வேலையில் அரை நாள் லீவு போட்டு டோரதியிடம் ஓடினாள். பத்து லட்சத்துக்குள் மதிப்புள்ள வீட்டுக்குத்தான் அந்தச் சலுகை. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே அதிகாரி வந்து பதிவதற்கும் வழி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் என்றும் டோரதி சொன்னார். கன்னியம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

கன்னியம்மா கடைசியாக மாதவரம் போன ஞாயிற்றுக்கிழமை பாய் வலது கையை நீட்டி, கட்டைவிரலை அவள் உள்ளங்கையில் அழுத்தினார். பேச்சு குழறியது. "இத வெட்டி எடுத்துகினு போய் ரேகை வச்சிக்கோம்மா."

"சும்மா இரு பாய்" என்றாள் கன்னியம்மா. அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வீடு குளிர்ந்துபோனது. கன்னியம்மா வேலை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஏழு வருடமாக உடம்புச் சூட்டிலேயே இருந்த சுவர் சில்லென்று ஆனதும் பானையைக் கீழே வைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். யாசின் போன் செய்தபோது அவள் மூலக்கடையைத் தாண்டிவிட்டிருந்தாள். அங்கே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கைபேசித் திரையில் அழுதுகொண்டிருந்த மெஹ்னாஸுக்கு, வாப்பா கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்பதைச் சொன்னாள்.

நாற்பது நாள் வீடு அப்படியே கிடந்தது. எந்தத் தாழ்ப்பாளும் அசையவில்லை. நாற்பத்தோராம் நாள் அது பாகம் பிரிந்தது. அவர்கள் முறைப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு; வீட்டில் இருந்ததோ மூன்றே அறைகள். முன்னறையும் நடுஅறையும் யாசினுக்குப் போயின. டிரெய்லர் எண்ணூர் ரோட்டில் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இங்கே அலமாரி ஆடியது. சமையலறை மெஹ்னாஸுக்கு விழுந்தது. மற்ற அறைகளில் ஆறு மணிக்கு விடிந்தால் அங்கே எட்டரைக்கு, ரியாத்தில் விடியும்போதுதான் வெளிச்சம் வந்தது. கன்னியம்மா நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு காலைச் சமையலை முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

டோரதி எல்லாக் காகிதங்களையும் பார்த்தார். வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மெஹ்னாஸ் வர முடியாவிட்டால் அங்குள்ள தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப வேண்டும். கட்டணம் இன்றைய மதிப்புக்கு. யாசின் எப்ப வேணா போட்றேன்க்கா என்றார். மெஹ்னாஸின் கணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை. டோரதி தொகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து நீட்டினார். கன்னியம்மா அதைப் பிரிக்காமல் அங்கேயே வைத்துவிட்டு, உங்களுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

போன தை மாதம் சமையலறையின் வெளிச்சுவர் சந்துப் பக்கமாக மெல்ல உப்ப ஆரம்பித்தது. கொத்தனார் தட்டிப் பார்த்து விரிசல் இல்லை என்றார். கன்னியம்மா கைவைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டது. அன்று சாயங்காலமே ரியாத்துக்குப் போன் போட்டு, எத்தனை மாசம், ஏன் சொல்லவில்லை, வாந்தி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். யாரோ அங்கே போகிறார்கள் என்று தெரிந்து நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். ஏழாம் மாதம் சுவர் முக்கால் அடி வெளியே வந்துவிட்டது. சுவரில் சூடு படாதபடி அடுப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். சந்தில் சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடத்தில் இறங்கி, இடிக்காமல் ஒதுங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.