கார்த் கிடைச்சிட்டுது

1

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு கடை வாசலில் நின்று "கார்த் கிடைச்சிட்டுது!" என்று நீங்கள் எப்போதாவது கத்தியிருக்கிறீர்களா?

கத்தாதீர்கள். இந்தக் கதை அப்படித்தான் பிறந்தது. கார்த் என்றால் பிரெஞ்சில் அட்டை. இங்கே வங்கி அட்டை, மெத்ரோ அட்டை எல்லாவற்றுக்கும் கூட ஒரு சொல் சேர்க்கவேண்டும். வெறும் கார்த் என்றால் ஒரு வருசத்துக்கோ பத்து வருசத்துக்கோ தரும் வதிவிட அட்டை மட்டும்தான்.

2

பாரிஸில் பனி மெல்லத் தூவிக்கொண்டிருந்தபோது யேசுரட்ணம்...

[வேண்டாம். இது யூன் மாதம்.]

உணவகத்தில் கோப்பை கழுவும் யேசுரட்ணத்துக்கு, லீவு நாளில் கதைக்க ஆளில்லை. [கோப்பை கழுவினால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். கொத்துரொட்டி கொத்தட்டும். கை வேகம் விளையாட்டுக்கும் உதவும்.] புறநகர் ஆர்ஜொந்தெயில் இருக்கும் சிநேகிதன் பிருந்தாபன், கணினியில் நாலு பேர் சேர்ந்து சுட்டு விளையாடும் ஆட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டான். ஞாயிறு காலைக்குள் பாகங்களை வாங்கிச் சொந்தமாக ஒரு கணினி பூட்டி முடியாவிட்டால், அந்த நாலாவது இடம் வேறு ஒருவனுக்கு.

3

"மச்சான்," என்றான் பிருந்தாபன், "புரொசசர் பழசு காணும். ரேமும் பழசு காணும். கார்த் கிராபிக்கிலை மட்டும் கஞ்சத்தனம் பிடிக்காதை. படம் ஓடுறதே அதிலைதான்."

"பவர் சப்ளை?"

"அது புதுசு எடு. இல்லாட்டி வீடு எரியும்."

"பெட்டிக்குக் காசில்லையடா."

"மாம்பழப் பெட்டி காணும். காத்துப் போக ஓட்டையும் இருக்கு."

4

சனிக்கிழமை கார் து நோர் ரயில் நிலையத்தில் ஒருவனிடம் பாவித்த கார்த் கிராபிக்கை வாங்கிக்கொண்டு, மாம்பழப் பெட்டி கேட்க ஜெகதீஸ்வரி அக்காவின் பலசரக்குக் கடைக்குப் போனான். வாசலில் நின்றே பிருந்தாபனுக்குப் போனில் கத்தினான். என்ன கத்தினான் என்று உங்களுக்குத் தெரியும்.

அக்கா கல்லாவை விட்டு எழும்பி வந்தார்.

"பத்து வருசமோ தம்பி?"

"இல்லை அக்கா, மூண்டு வருசம் இழுக்கும். ஒரு வெள்ளைக்காரன் பாவிச்சது."

"என்னது? வேறை ஆளின்ரை கார்த்தோ?"

"ஓம். அவன் புதுசு எடுத்திட்டான்."

"ஐயோ, மெல்லக் கதை! வெளியிலை பொலிஸ் நிக்குது."

"அக்கா, இது கம்பியூட்டர் கார்த்."

"கம்பியூட்டரிலை அடிச்சதோ! படம் ஆரின்ரை?"

"எல்லாப் படமும் வரும் அக்கா. நல்ல கிளியரா வரும்."

அக்கா அவன் கையிலிருந்த கார்த் பையைப் பறித்தார். குளிர்பெட்டியில், பாரை மீனுக்கு அடியில் தள்ளிப் பூட்டினார்.

"விடிய வா. அவொக்காவோடை* கதைச்சிட்டுத்தான் தருவன்."

* வக்கீல். அதே பெயரில் பழமும் உண்டு. அக்கா கடையில் இரண்டும் இல்லை.

5

முடிவு (அ): கார்த் உறைந்து பழுதாகிறது. பிருந்தாபன் வேறு ஆளைச் சேர்க்கிறான். யேசுரட்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டு... [இதை எழுதிவிட்டு என் அறையில் என்னாலேயே இருக்க முடியவில்லை.]

முடிவு (ஆ): நாலாவது இடத்தில் அக்காவே ஆடுகிறார். [எங்களையும் சேர்த்துச் சுட்டுவிடுவார்.]

யேசுரட்ணத்திடம் உண்மையான கார்த் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பத்து வருசத்துக்கு. எழுதுகிற நான்தான் கொடுத்தேன். எனக்கு அப்படி ஒருவரும் தந்ததில்லை.

விரும்பிய முடிவை நீங்களே எடுங்கள். நான் படுக்கவேண்டும். விடியக் கடைக்குப் போகவேண்டும்.

மறுநாள் காலை, யேசுரட்ணத்தைக் கதையில் விட்டுவிட்டு நானே போனேன். அக்கா பையைத் திறந்து பார்த்திருந்தார். கார்த்தையும் ஒரு மாம்பழப் பெட்டியையும் தந்தார். துடைத்துச் செருகினேன். ஓடியது. நாலு பேரும் ஆடினோம். தோற்றோம். அறை முழுக்கப் பாரை மீன் மணத்தது.